காட்சியும் பெயரும்: புகழ்பெற்ற நிழற்படங்களின் திரை மீட்டுருவாக்கம் எழுப்பும் அறச்சிக்கல்

வரலாற்று நிகழ்வுகளைக் கதைப்பொருளாகக் கொள்ளும் திரைப்படங்கள், அந்நிகழ்வுகளைப் பதிவு செய்த புகழ்மிக்க நிழற்படங்களைத் திரையில் மீண்டும் அமைத்துக் காட்டுவதை ஏறத்தாழ ஒரு மரபாகவே கொண்டுள்ளன. கதை ஓடிக்கொண்டிருக்கையில் ஓரிடத்தில் நடிகர்கள் நாம் நன்கறிந்த ஒரு நிலையில் வந்து நிற்கின்றனர். ஒளி நாம் நன்கறிந்த ஒரு திசையிலிருந்து விழுகிறது. பார்வையாளர் 'இஃது அந்தப் படம்' என்று இனங்காணுகிறார். அவ்வாறு இனங்காணும் மகிழ்ச்சியோடு மற்றொன்றும் சொல்லாமலே வந்து சேர்கிறது. 'ஆகவே இவர்கள் காட்டுவதெல்லாம் நடந்ததே' என்னும் நம்பிக்கை அது.

இத்தகைய காட்சிகளை மதிப்பிடுவோர் பெரும்பாலும் மூலப்படத்தையும் திரைக்காட்சியையும் அருகருகே வைத்து அளக்கின்றனர். ஆடையின் மடிப்பு, கையின் வளைவு, நிழலின் நீளம், பின்புலத்து வானம் என்று அவ்வளவை நுண்மையாகச் செல்லும். அதனைப் பயனற்றது என்று ஒதுக்குவதற்கில்லை. கலை இயக்கம், உடையமைப்பு ஆகிய துறைகளின் உழைப்பு அவ்வாறுதான் வெளிப்படுகிறது. எனினும் எவ்வளவு ஒத்திருக்கிறது என்னும் வினாவுக்கு முன்பாக எழ வேண்டிய வினா ஒன்று உண்டு. மீட்டுருவாக்கும் திரைப்படம் யாருக்கு நேர்மையாக இருக்கக் கடமைப்பட்டுள்ளது? நிழற்படத்திற்கா, அதில் அகப்பட்ட மனிதர்க்கா? இவ்விரண்டும் ஒன்றே என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அவ்வாறு கொள்வது பொருந்தாது என்பதை அமெரிக்க, தென்னாப்பிரிக்க, இந்திய வரலாற்றுத் திரைப்படங்கள் சிலவற்றின்வழி விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

ஒப்புமையைச் சான்றிதழாகக் காட்டும் போக்கிற்கு 'ஆர்கோ' (2012) வெளிப்படையான எடுத்துக்காட்டு. ஈரானில் 1979ஆம் ஆண்டில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது தப்பிய அறுவர், 1980ஆம் ஆண்டு சனவரியில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட வரலாற்றை அது கூறுகிறது. பென் அஃப்லெக் இயக்கிய அப்படத்தின் இறுதியில், பெயர்ப்பட்டியல் ஓடும்போது, உண்மை நிழற்படங்களும் திரைக்காட்சிகளும் அருகருகே வைத்துக் காட்டப்படுகின்றன. ஒப்புமை வியக்கத்தக்கது. ஆயினும் படத்தின் உச்சக்கட்டமாக அமையும் ஓடுபாதைத் துரத்தல் நடவாத ஒன்று. அவ்வறுவரும் விமான நிலையத்தில் பெரிய இடையூறின்றியே புறப்பட்டுச் சென்றனர். தெருக்களும் முகங்களும் மெய்யென நிறுவப்பட்டமையால் துரத்தலும் மெய்யெனத் தோன்றிவிடுகிறது. கற்பனையைக் கலப்பது கலைஞரின் உரிமை. அக்கற்பனைக்கு நிழற்படத்தின் முத்திரையை இட்டுத் தருவது அவ்வுரிமையில் அடங்குமா என்பதே ஐயம்.

நிழற்படத்தின் முத்திரைக்கு இவ்வளவு வலிமை எங்கிருந்து வருகிறது? பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் இறுதி நூலில், ஓவியத்திலிருந்து நிழற்படத்தைப் பிரித்துக் காட்டும் இயல்பினை ஆராய்ந்தார். ஓவியன் காணாததையும் வரையலாம். நிழற்படமோ கருவியின் முன் ஒரு பொருள் இருந்தே தீர வேண்டும் என்று வற்புறுத்துகிறது. பொருளில் பட்ட ஒளியே படச்சுருளிலும் பட்டது. ஆகவே நிழற்படம் பொருளின் சாயலாக இருப்பதோடு, அதன் சுவடாகவும் இருக்கிறது. ஈர மண்ணில் பதிந்த காலடி நடந்தவரைக் காட்டுவது போன்றது இது. இங்கு ஒன்றைக் கூட்டிச் சொல்ல வேண்டும். காலடித்தடம் நடந்தவரும் அறியாதவற்றைக் காட்டவல்லது. நடையின் சாய்வு, விரலின் ஊனம் ஆகியவற்றை அறிந்தோர் அதிலிருந்து படித்துவிடுவர். நிழற்படமும் அதை எடுத்தவர் கவனியாதவற்றையெல்லாம் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. நாம் நம்புவதற்கு மாறாகவும் ஒருநாள் அது சான்று கூறலாம்.

திரை மீட்டுருவாக்கத்திற்கு இந்த ஆற்றல் இல்லை. அதனுள் இருப்பவை அனைத்தும் யாரோ ஒருவர் அறிந்து வைத்தவை. அறியாதது அதில் இடம்பெற வழியில்லை. சுவட்டை ஒத்த ஒன்றை நம்மால் வரைய முடியும். வரைந்த சுவட்டைக் கொண்டு நடந்தவரைத் தேடிச் செல்ல முடியாது. இவ்வேறுபாடு வெறும் கோட்பாட்டு நுட்பமாகத் தோன்றலாம். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற போர்ப்படம் ஒன்றின் வரலாறு இதனை மிகக் கூர்மையாக மெய்ப்பித்துள்ளது.

சுரிபாச்சி மலைமீது அறுவர்

பசிபிக் பெருங்கடலில் உள்ள ஐவோ ஜிமா என்னும் எரிமலைத் தீவில், 1945ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் அமெரிக்கப் படைகள் இறங்கின. நான்கு நாள் கழித்து, 23ஆம் நாள், தீவின் தென்முனையிலுள்ள சுரிபாச்சி மலை உச்சியில் கொடி ஏற்றப்பட்டது. அக்கொடி சிறியதாக இருந்தமையால் சில மணி நேரத்திற்குப்பின் பெரிய கொடியொன்று கொண்டுவரப்பட்டு, முதற்கொடிக்கு மாற்றாக நடப்பட்டது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நிழற்படக் கலைஞர் ஜோ ரோசெந்தால் இந்த இரண்டாவது கொடியேற்றத்தைத்தான் எடுத்தார். அவர் குள்ளமானவர், ஏறி நிற்பதற்குக் கற்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது கொடிக்கம்பம் எழத் தொடங்கிவிட்டது. காட்சித்துளை வழியே பார்க்கவும் நேரமின்றிக் கருவியை வீசித் திருப்பி அழுத்தினார். ஒரு நொடியில் நானூற்றில் ஒரு பங்கு. அறுவர் ஒரு கம்பத்தை உந்தி நிறுத்தும் அப்படம் அவ்வாண்டே புலிட்சர் பரிசு பெற்றது, அஞ்சல் தலையாயிற்று, போர்க்கடன் திரட்டும் இயக்கத்தின் சின்னமாயிற்று, 1954இல் அர்லிங்டனில் வெண்கலச் சிலையாயிற்று.

இப்படம் நடித்து எடுக்கப்பட்டது என்னும் வதந்தி ரோசெந்தாலை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. அதன் காரணம் சற்று வேடிக்கையானது. கொடி ஏற்றப்பட்டபின் வீரர்களை அதனடியில் கூட்டமாக நிறுத்தி அவர் மற்றொரு படமும் எடுத்திருந்தார். பின்னர் 'வீரர்களை நிற்கச் செய்து எடுத்தீரா' என்று வினவியபோது, எந்தப் படத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று அறியாமல் ஆம் என்று விடை கூறிவிட்டார். உண்மையில், அதே கணத்தை அசையும் படமாகப் பதிவு செய்த பில் ஜெனாஸ்ட் என்பவரின் படச்சுருளும் உள்ளது. அதில் நடிப்பு ஏதும் இல்லை. ஜெனாஸ்ட் அடுத்த மாதமே அத்தீவில் இறந்தார்.

படத்தில் ஒரு முகமும் தெளிவாகத் தெரியவில்லை. படத்தின் புகழுக்கு அதுவும் ஒரு காரணம் எனலாம். எந்தத் தாயும் அதில் தன் மகனைக் காண முடிந்தது. ஆனால் அரசுக்குப் பெயர்கள் தேவைப்பட்டன. அறுவரின் பெயர் அறிவிக்கப்பட்டது. அவர்களுள் மூவர் அதே போரில் மடிந்திருந்தனர். எஞ்சிய ஐரா ஹேய்ஸ், ரெனே கேக்னன், ஜான் பிராட்லி ஆகிய மூவரும் நாடு திரும்பிப் போர்க்கடன் இயக்கத்திற்காக ஊர் ஊராக அழைத்துச் செல்லப்பட்டனர். பிமா என்னும் பழங்குடியைச் சேர்ந்த ஹேய்ஸ், இறந்தோருள் ஒருவரின் பெயர் தவறு என்று அறிந்திருந்தார். ஹார்லன் பிளாக் நின்ற இடத்தில் ஹென்றி ஹேன்சனின் பெயர் வழங்கப்பட்டிருந்தது. போர் முடிந்தபின் அவர் நெடுந்தொலைவு பயணம் செய்து டெக்சாசில் பிளாக்கின் குடும்பத்தைக் கண்டு உண்மையைக் கூறினார். 1947இல் அப்பிழை திருத்தப்பட்டது.

ஆலன் டுவான் இயக்கத்தில் ஜான் வெய்ன் நடித்த 'சாண்ட்ஸ் ஆஃப் ஐவோ ஜிமா' 1949இல் வெளிவந்தது. நிழற்படத்தை மீட்டுருவாக்கும் அதன் இறுதிப் பகுதியில் ஹேய்ஸ், கேக்னன், பிராட்லி மூவரும் தாமாகவே தோன்றினர். சுரிபாச்சியில் பறந்த அதே கொடியும் படப்பிடிப்புக்கு வழங்கப்பட்டது. அதே மனிதர், அதே கொடி, அதே தோற்றம். மூலத்திற்கு இதைவிட நெருங்கிச் செல்லத் திரைப்படத்தால் இயலுமா?

1949இல் இவ்வினாவுக்கு இயலாது என்றே எவரும் விடை கூறியிருப்பர். 2016ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அமெரிக்க மரைன் படைப்பிரிவு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஆர்வலர் இருவர் நிழற்படத்தையும் அன்று எடுக்கப்பட்ட பிற படங்களையும் ஒப்பிட்டு, காற்சட்டையின் விளிம்பு, இடுப்புவார், தலைக்கவசம் ஆகிய சிறு வேறுபாடுகளைச் சுட்டிக்காட்டியதையடுத்து நடந்த ஆய்வின் முடிவு அது. பிராட்லி அந்தப் படத்தில் இல்லை. ஹரால்டு ஷுல்ட்ஸ் என்பவரே இருந்தார். பிராட்லி முதற்கொடி ஏற்றத்தில் பங்குகொண்டவர். 2019ஆம் ஆண்டு அக்டோபரில் இரண்டாவது அறிவிப்பு வந்தது. கேக்னனும் படத்தில் இல்லை. அந்த இடத்தில் இருந்தவர் ஹரால்டு கெல்லர். கேக்னன் இரண்டாவது கொடியை மலைமேல் கொண்டுசென்றவர். அதை நட்டவர் அல்லர். ஆக, 1949ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் தாமாகவே தோன்றிய மூவருள் இருவர், அந்தக் கணத்தில் தாம் செய்யாத செயலைத் தம் பெயராலேயே நடித்திருந்தனர். அவர்கள் வேண்டுமென்றே பொய்யுரைத்தனர் என்று கருத இடமில்லை. ஒரே நாளில் இரு கொடிகள், போரின் குழப்பம், மேலிடத்தின் அவசரம் ஆகியவை போதிய விளக்கம். கெல்லர் 1979இலும் ஷுல்ட்ஸ் 1995இலும் மறைந்தனர். இருவரும் பொதுவெளியில் உரிமை கோரவில்லை.

கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கிய 'பிளாக்ஸ் ஆஃப் அவர் ஃபாதர்ஸ்' 2006இல் வெளிவந்தது. பிராட்லியின் மகன் எழுதிய நூலைத் தழுவியது அது. ஐஸ்லாந்தின் கருமணல் கடற்கரையில் போர்க்காட்சிகள் படமாக்கப்பட்டன; கொடியேற்றமும் மிகுந்த கவனத்துடன் மீட்டுருவாக்கப்பட்டது. இப்படத்தை எளிதில் குறைகூற இயலாது. ஏனெனில் நிழற்படத்தை மீண்டும் மீண்டும் நடித்துக் காட்டுவது மனிதரை என்ன செய்கிறது என்பதே இதன் பொருள். விளையாட்டரங்கில் காகிதக் கூழால் சுரிபாச்சி செய்து வைத்து, வாணவேடிக்கைக்கு நடுவே அம்மூவரையும் அதன்மேல் ஏறச் செய்யும் காட்சி இதில் உண்டு. விருந்தொன்றில் கொடியேற்றத்தின் வடிவிலேயே இனிப்புப் பண்டம் பரிமாறப்படுகிறது. அதன்மேல் சிவந்த பழச்சாறு ஊற்றப்படுகிறது. மீட்டுருவாக்கத்தின் போலித்தன்மையை இதைவிடக் கடுமையாகக் கண்டித்த திரைக்காட்சி அரிது என்றே கூறத் தோன்றுகிறது.

ஆயினும் அந்தக் கண்டனப் படமும் தவறான பெயர்களையே சுமந்து நிற்கிறது. அதன் மூன்று தலைமாந்தருள் இருவர் நிழற்படத்தில் இல்லாதவர். ஈஸ்ட்வுட்டைக் குற்றம் சொல்வதற்கில்லை. 2006இல் உலகம் அறிந்திருந்த அனைத்தையும் அவர் படம் நேர்மையாகவே கூறியது. இங்கு நாம் காண வேண்டியது வேறு. பெயர்ப்பிழையை வெளிப்படுத்தியது எது? ரோசெந்தாலின் பழைய படமும், அன்று எடுக்கப்பட்ட பிற படங்களுமே. எழுபது ஆண்டுகளாக எவரும் கேளாத வினாவைக் கேட்டபோது அவை விடை தந்தன. 1949இன் திரைக்காட்சியையோ 2006இன் திரைக்காட்சியையோ எவ்வளவு உருப்பெருக்கிப் பார்த்தாலும் அவ்விடை கிட்டாது. உடையமைப்பாளரும் ஆய்வாளரும் உற்றுநோக்குவது ஒரே இடுப்புவாரைத்தான். முன்னவர் அதைப் படியெடுக்கப் பார்க்கிறார். பின்னவர் அணிந்தவர் யார் என்று அறியப் பார்க்கிறார். ஏட்டுச்சுவடிப் பதிப்பில் பழகியவர்க்கு இது புதிதன்று. ஏட்டில் உள்ளவாறே பிழையின்றிப் படியெடுத்தவர், ஏடெழுதியவரின் பிழையையும் பிழையின்றியே படியெடுத்திருப்பார்.

அகமும் புறமும்

திரைப்படம் கலை, கலைக்கு வரலாற்றின் தளைகள் வேண்டா என்று ஒருவர் மறுக்கலாம். தொல்காப்பியம் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டினைக் கூறி, அவ்விரண்டும் இயைந்ததே புலவர் நெறி எனக் கொள்கிறது. உலகில் உள்ளவற்றைத் தெரிந்தெடுத்துச் செம்மை செய்து கூறும் உரிமை புலவர்க்கு உண்டு என்பதே இதன் கருத்து. ஆனால் அவ்வுரிமைக்கு ஈடாக அகத்திணை மரபு ஒன்றைக் கேட்கிறது. தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது. பெயர் சுட்டப்படாத தலைவனும் தலைவியும் எவராகவும் இருக்கலாம். ஆகவே அவர்களைப் பற்றி எதனையும் கூறலாம். பெயர் வந்த அளவில் பாடல் புறமாகிவிடுகிறது. புறத்தில் மன்னன் பெயரும், போர்க்களத்தின் பெயரும், செய்த செயலும் பொறுப்புடன் கூறப்பட வேண்டியவை.

நெடுநல்வாடை பற்றிய பழைய விவாதம் இங்கு நினைக்கத்தக்கது. பிரிந்திருக்கும் தலைவியின் துயரும் பாசறையில் இருக்கும் தலைவனின் நிலையும் கூறும் அப்பாட்டு, எல்லா வகையாலும் அகமாகவே தோன்றுகிறது. பாசறைக் காட்சியில் வேலொன்றின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப்பூ. அந்த ஒரு குறிப்பினால் பாட்டுடைத் தலைவன் சுட்டப்பட்டுவிட்டான் என்று கொண்டு, நச்சினார்க்கினியர் அதனைப் புறம் என்றார். இம்முடிபை ஏலாதோர் உண்டு. ஆயினும் இதிலுள்ள நுட்பம் பெரிது: ஒரே ஓர் அடையாளம் ஒரு படைப்பின் பொறுப்பு முழுவதையும் மாற்றிவிடக்கூடும்.

திரைப்படத்தில் மீட்டுருவாக்கப்படும் நிழற்படம் அவ்வேம்பினை ஒத்தது என்பது என் துணிபு. ஐவோ ஜிமாவில் போரிட்ட கற்பனை வீரன் ஒருவனின் கதையை எவரும் எவ்வாறும் கூறலாம். ரோசெந்தாலின் படம் திரையில் எழுந்த கணத்தில் அக்கதை புறத்திற்குள் புகுந்துவிடுகிறது, பெயர்களுக்குக் கடன்படுகிறது. இன்றைய வரலாற்றுத் திரைப்படங்கள் பலவற்றின் இடர்ப்பாடு, புறத்தின் மதிப்பையும் அகத்தின் உரிமையையும் ஒருசேர விரும்புவதே. நிழற்படத்தைக் காட்டிச் சான்றுரிமை பெற்றுக்கொள்கின்றன. வினவும்போது 'இது கற்பனை' என்று விலகிக்கொள்கின்றன.

தோற்றமா பெயரா எது முதன்மையானது என்பதற்கு நம் நடுகல் மரபும் ஒரு விடை வைத்திருக்கிறது. காட்சி முதல் வாழ்த்து ஈறாகத் தொல்காப்பியம் நடுகல்லின் நிலைகளை வகுத்துக் கூறும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமி நடுகற்களில் வீரனின் உருவமே இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. பிற்காலக் கற்களில் வில்லும் வாளும் ஏந்திய உருவம் பொறிக்கப்பட்டது. அவ்வுருவங்கள் பெரிதும் ஒன்றுபோலவே இருக்கும். எவருடைய முகச்சாயலும் அவற்றில் தேடப்படவில்லை. இன்னார் இன்ன ஊர்ப் பூசலில் பட்டார் என்னும் செய்தியே கல்லின் உயிர். முகம் ஒவ்வாத கல் தன் கடமையைச் செய்தது. முகமும் உடையும் ஒளியும் அனைத்தும் ஒத்திருந்த திரைப்படம் பெயரில் தவறியது.

துன்பத்தை மீண்டும் நடித்தல்

பெயர் அறியப்படாத ஒருவரின் துன்பம் மீட்டுருவாக்கப்படும்போது சிக்கல் வேறொரு வடிவம் கொள்கிறது. தென்னாப்பிரிக்க நிழற்படக் கலைஞர் கெவின் கார்ட்டர் 1993இல் சூடானில் எடுத்த படத்தை அறியாதார் சிலரே. பசியால் குனிந்து தரையில் கிடக்கும் குழந்தை; பின்னால் காத்திருக்கும் பிணந்தின்னிக் கழுகு. அவ்வாண்டு மார்ச்சு மாதம் நியூயார்க் டைம்ஸ் இதழ் அதை வெளியிட்டது. படம் எடுத்தவர் குழந்தைக்கு என்ன செய்தார் என்று உலகம் கேட்டது. 1994ஆம் ஆண்டு ஏப்ரலில் கார்ட்டருக்குப் புலிட்சர் பரிசு அறிவிக்கப்பட்டது. சூலையில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

கார்ட்டரையும் அவருடைய நண்பர்களையும் பற்றிய 'தி பேங் பேங் கிளப்' 2010இல் வெளிவந்தது. இயக்கியவர் ஸ்டீவன் சில்வர். (ஈஸ்ட்வுட் படத்தில் பிராட்லியாக நடித்த ரயன் ஃபிலிப்தான் இதில் கிரெக் மரினோவிச் என்னும் நிழற்படக் கலைஞராக நடித்திருக்கிறார், ஒருமுறை படத்தில் அகப்பட்டவராக, மறுமுறை படம் எடுப்பவராக.) அந்தப் புகழ்பெற்ற படமும் இதில் மீட்டுருவாக்கப்பட்டது. ஒரு குழந்தையைத் தரையில் அந்நிலையில் இருத்தி, கழுகு அமர வேண்டிய இடம் குறித்து, கோணம் தேர்ந்து அக்காட்சியைப் படமாக்க வேண்டியிருந்தது. கார்ட்டர்மீது சாட்டப்பட்ட குற்றம் இதுதானே? குழந்தை துன்புறுகையில் அவர் கோணம் தேர்ந்தார் என்பதே அது.

வேறுபாடு உண்டு என்பது தெளிவு. திரைப்படக் குழந்தை பசித்திருக்கவில்லை; படப்பிடிப்பு முடிந்ததும் எழுந்து சென்றிருக்கும். ஆகவே அங்குத் தீங்கு ஒன்றும் நிகழவில்லை எனலாம். எனக்கு இவ்விடையில் நிறைவில்லை. தீங்கு நடிகக் குழந்தைக்கு நேர்வதன்று. மூலக் குழந்தைக்கு நேர்வது. உலகம் அக்குழந்தையைப் பெண் என்றே கருதிவந்தது. அது ஆண் குழந்தை என்பதும், அன்று அது இறக்கவில்லை என்பதும், பல்லாண்டு வாழ்ந்து பின்னரே இறந்தது என்பதும் 2011இல் ஸ்பெயின் நாட்டுச் செய்தியாளர் குடும்பத்தினரைத் தேடிச் சென்று கண்டபோதுதான் வெளிவந்தன. அதாவது, திரைப்படம் வெளிவந்த பிறகு. படமெடுத்தவரின் மனப்போராட்டம், நட்பு, காதல், மரணம் ஆகிய அனைத்தையும் ஒரு முழுநீளப் படம் ஆராய்ந்தது. குழந்தையைப் பொறுத்தவரை நிழற்படம் காட்டிய அளவிற்கு மேல் ஓரடியும் அது செல்லவில்லை. உடல் குனிந்த கோணம் ஒத்திருந்தது. அந்த உடலுக்கு உரியவர் யார் என்னும் தேடல் இல்லை. சூசன் சொன்டாக் 2003ஆம் ஆண்டு நூலில், தொலைவிலுள்ள நாடுகளின் துன்பமே மறைப்பின்றிக் காட்டப்படுகிறது என்று கவனித்திருந்தார். திரை மீட்டுருவாக்கம் அந்நிலையை இரட்டிப்பாக்குகிறது. குழந்தை இருமுறை காட்டப்பட்டது. இருமுறையும் மற்றொருவரின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியாகவே.

இவ்விடத்தில் 'ஜாக்கி' (2016) படத்தை எதிர்நிறுத்திப் பார்க்கலாம். 1963ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் கென்னடி கொல்லப்பட்டபின், விமானத்திற்குள் ஜான்சன் பதவியேற்பதை சிசில் ஸ்டவுட்டன் எடுத்த படம் உலகறிந்தது. பக்கத்தில் கென்னடியின் மனைவி நிற்கிறார். அவர் ஆடையிலிருந்த குருதிக்கறை தெரியாதவாறு படம் எடுக்கப்பட்டது. ஆட்சி தொடர்கிறது என்று காட்டுவதே அப்படத்தின் பணி. பாப்லோ லராயின் இயக்கிய திரைப்படம் பதவியேற்பை மீட்டுருவாக்கிவிட்டு அங்கே நின்றுவிடவில்லை. கண்ணாடி முன் அப்பெண் முகத்திலிருந்து குருதியைத் துடைப்பதையும் காட்டுகிறது. நிழற்படம் மறைத்ததைக் காட்டும் பொருட்டு நிழற்படத்திலிருந்து விலகுகிறது. தோற்றத்திற்குக் காட்டும் நேர்மையைக் குறைத்துக்கொண்டு மனிதர்க்குக் காட்டும் நேர்மையைக் கூட்டிக்கொள்ள இயலும் என்பதற்கு இது சான்று.

காந்தியடிகளும் இராட்டையும்

இந்தியர்க்கு இவ்வகையில் மிக நெருக்கமான படம், மார்கரெட் பர்க்-ஒயிட் 1946இல் எடுத்த காந்தியடிகள் படம். முன்னே பெரிதாக இராட்டை; பின்னே தரையில் அமர்ந்து தாள்களைப் படித்துக்கொண்டிருக்கும் காந்தியடிகள். படம் எடுக்கும் முன் நூற்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு நிபந்தனை விதிக்கப்பட்டது. மூன்றே மூன்று மின்னொளிக் குமிழ்களுக்கு இசைவு கிடைத்தது. முதல் இரண்டும் பயன்தராமல் போயின. மூன்றாவதில் படம் கிடைத்தது. காந்தியடிகள் அப்படத்தில் நூற்கவில்லை என்பதைப் பலரும் மறந்துவிடுவர். நினைவு இராட்டையையும் மனிதரையும் இணைத்து 'நூற்கும் காந்தி' ஆக்கிக்கொள்கிறது.

ரிச்சர்ட் அட்டன்பரோவின் 'காந்தி' (1982) பர்க்-ஒயிட்டை ஒரு பாத்திரமாகவே கொண்டுவருகிறது. நடித்தவர் கேண்டிஸ் பெர்கன். படத்தில் அவர் ஆகாகான் மாளிகைச் சிறையிலேயே காந்தியடிகளைச் சந்திக்கிறார், கஸ்தூரிபாவுடன் உரையாடுகிறார். கஸ்தூரிபா அம்மாளிகையில் 1944ஆம் ஆண்டு பிப்ரவரியில் மறைந்தார். பர்க்-ஒயிட் இந்தியப் பணிக்காக வந்தது 1946இல். ஆகவே அச்சந்திப்பு நடந்திருக்க இயலாது. இதனைப் பெரும் பிழை என்று நான் கருதவில்லை. நீண்ட வாழ்வை மூன்று மணி நேரத்தில் கூறவேண்டிய கட்டாயம் அத்தகைய இணைப்புகளை வேண்டும். கஸ்தூரிபாவுக்கு அவ்வுரையாடலில் கிடைத்த இடம் படத்தின் வேறு பகுதிகளில் அவருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் கருத வேண்டும். ஆனால் அந்தச் சந்திப்பை மெய்யென ஏற்கவைப்பது நிழற்படக் கலைஞர் ஒருவரின் உடனிருப்பே. அவர் கையிலுள்ள கருவி, 'இங்குச் சாட்சி இருந்தது' என்று கூறுகிறது. சாட்சி அங்கு இல்லை என்பதே வரலாறு. நிழற்படத்தின் சான்றுரிமை படத்திலிருந்து பெயர்ந்து படமெடுத்தவரின் உருவத்திற்கு மாறி, அங்கிருந்து கற்பனைக்கு ஒளி தருகிறது. 'ஆர்கோ'வின் வெளிப்படையான ஒப்பீட்டைவிட இது நுட்பமானது. ஆகவே கண்டுகொள்வதும் கடினமானது.

அதே திரைப்படத்தின் இறுதி ஊர்வலக் காட்சி முற்றிலும் வேறான ஒன்று. 1948ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் தில்லியில் நடந்த ஊர்வலத்தைப் பர்க்-ஒயிட், ஆன்றி கார்த்தியே-பிரெசோன் உள்ளிட்டோர் எடுத்த படங்கள் உலகெங்கும் சென்றன. அட்டன்பரோ அதனை மீட்டுருவாக்கத் தேர்ந்த நாள் 1981ஆம் ஆண்டு சனவரி 31. இடம், தில்லி இராஜபாதை. மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் திரண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஊதியம் பெறாமல் தாமே வந்தவர்கள். பதினொரு ஒளிப்பதிவுக் குழுக்கள் எடுத்த அப்பெருங்காட்சி திரையில் இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேல் மட்டுமே வருகிறது.

தோற்ற ஒப்புமையை அளக்கும் கோல் இங்குப் பயன்படாது. அக்கூட்டத்தில் ஒருவரும் 1948ஆம் ஆண்டுப் படங்களிலுள்ள எவரையும் நடிக்கவில்லை. பெயரற்ற திரளுக்குப் பெயரற்ற திரளாகவே அவர்கள் நின்றனர். ஐம்பது வயதைக் கடந்த சிலர் முதல் ஊர்வலத்தையும் கண்டிருக்கக்கூடும். வெறும் படப்பிடிப்பு என்று அறிந்தே வந்தவர்கள், பூமூடிய வண்டி கடக்கும்போது எதனை எண்ணினர் என்பதை இயக்குநர் வகுத்துத் தந்திருக்க முடியாது. முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு நகரத்து மக்கள் ஒருவரை நினைக்க எவ்வாறு கூடினர் என்பதற்கு அப்படச்சுருளே முதன்மைச் சான்று. ரோசெந்தாலின் இடுப்புவாரைப் போல், எடுத்தவர் கவனியாத முகங்கள் அதில் ஏராளம் உள்ளன. அம்முகங்களை 1948ஆம் ஆண்டுப் படங்களோடு அருகருகே வைத்து இதுவரை ஆராய்ந்தாரில்லை எனின், அதனை வரலாற்றுத் துறையினரும் திரைப்பட ஆய்வாளரும் இணைந்து மேற்கொள்ளலாம். அவற்றின் ஒப்புமையை விடுத்து, எவர் வந்தனர், எந்த வயதினர், பெண்கள் எத்தனை பேர், எவ்வுடையில், எவ்வளவு நேரம் நின்றனர் என்று கேட்பதற்கு.